முதியோரும் நீர்க் கணக்கும்



நம் ஜமாஅத்தில் ஒரு பெரியவர். வயது 68. இஷாவுக்கு எப்போதும் முதல் வரிசையில், இமாமுக்கு வலப்புறம் நிற்பவர். ஒரு ரமலானுக்குப் பின் அவரைப் பள்ளியில் காணவில்லை. வீட்டாரை விசாரித்தோம், கால் வலி என்றார்கள். பல மாதம் கழித்துத்தான் உண்மை வெளிவந்தது. அவரால் சிறுநீரை அடக்க முடியவில்லை. ஒளு செய்து சலாம் கொடுப்பதற்குள் சொட்டுப் பட்டுவிட்டதோ என்ற சந்தேகம் அவரை வாட்டியது. இரவில் ஐந்து முறை எழுந்தார். பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். பிறகு அஸருக்குப் பின் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினார். பெற்ற மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலோ, பிரிக்பீல்ட்ஸிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ உள்ள எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். ஆணாக இருந்தால் கால் வலி என்பார். பெண்ணாக இருந்தால் அதையும் சொல்லமாட்டார்.

நாம் கடைக்காரர்கள், வைத்திய சாஸ்திரம் கற்றவர்கள் அல்லர். ஆயினும் ஒரு பொருள் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எழுதி வைக்காத கடை நிலைக்காது என்பது நமக்குத் தெரியும். சரீரத்தின் நீர் விஷயமும் அப்படியே. வீட்டில் மூன்று நாள் கணக்கெழுதினால் டாக்டருக்குப் பாதி வழி திறந்துவிடும். அந்தக் கணக்கை எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது, எப்போது கணக்கைத் தூர வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

சிறுநீரைப் பார்ப்பது அசிங்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். நம் முன்னோர் வைத்தியர்கள் அதை அசிங்கமாக நினைக்கவில்லை. தமிழ்நாட்டுச் சித்த வைத்தியர்கள் காலை நீரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்து நிறம், நுரை, மணம் ஆகியவற்றைப் பார்த்தனர், இது நீர்க்குறி. அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, துளி நீளுகிறதா, வளையமாகப் பரவுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பது நெய்க்குறி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலில் சிறுநீரின் நிறம், தெளிவு, நுரை, வண்டல் பற்றித் தனிப் பகுதியே எழுதினார். 1908ல் அமெரிக்கரான பெனடிக்ட் ஒரு நீல மருந்தைக் கண்டுபிடித்தார். அதில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இருக்கும் அளவுக்குப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். ஸ்பிரிட் விளக்கில் சோதனைக் குழாயைக் காட்டி வீட்டிலேயே பார்த்த நீரிழிவுக்காரர்கள் அக்காலத்தில் பலர். 1956ல் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் வந்தது. விளக்கும் குழாயும் மறைந்தன. இன்று நெய்க்குறியை வைத்து எந்த வியாதியையும் தீர்மானிக்கக் கூடாது. நாம் சொல்ல வந்தது, கவனித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல என்பதே.

இனி வயதானால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சிறுநீர்ப்பை ஒரு ரப்பர் பை போன்றது. நடு வயதில் 400, 500 மில்லி வரை சிரமமின்றித் தாங்கும். வயதாக ஆக அதன் நெகிழ்ச்சி குறையும். பாதி நிறைந்ததுமே ‘எழு’ என்று அவசரப்படுத்தும். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. வாலிபத்தில் ஒரு வாதுமைக் கொட்டை அளவு. 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது பருத்து, நடுவே செல்லும் நீர்க்குழாயை நெருக்கும். தாரை மெலியும், தொடங்கத் தாமதமாகும், முடிந்த பின்னும் சொட்டும். இந்தப் பருமன் புற்றுநோய் அல்ல. அதை எண்ணிப் பயந்தே சிலர் டாக்டரிடம் போவதில்லை. பெண்களுக்குப் பிரசவத்தாலும் மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் மாற்றத்தாலும் அடித்தசை தளரும். இருமினால், தும்மினால், ஸஜ்தாவிலிருந்து எழுந்தால் கசியும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பலருக்கு இது தெரியாது. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும்படி மூளையிலிருந்து ஒரு சுரப்பு வருகிறது. முதுமையில் அது குறைகிறது. மேலும், பகல் முழுவதும் கல்லாவிலும் அடுப்படியிலும் நின்றே பிழைத்தவர்களுக்கு மாலையில் கணுக்கால் வீங்கும். அந்த நீர், படுத்ததும் இரத்தத்தில் திரும்பிச் சேர்ந்து சிறுநீராக இறங்கும். நம்மவர்களில் உணவுக் கடைக்காரர்கள் அதிகம். பன்னிரண்டு மணி நேரம் நின்று, வாடிக்கையாளர் கூட்டத்தில் சிறுநீரை அடக்கி, நடுநடுவே இனிப்பான தே தாரிக் குடித்து வாழ்ந்த தலைமுறை இன்று முதுமை அடைந்திருக்கிறது.

அந்த இனிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசிய சுகாதார அமைச்சின் 2019 ஆய்வின்படி நம் நாட்டு இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் 100க்கு 31 பேருக்கு நீரிழிவு. எல்லா இனத்தாரையும் சேர்த்தால் அதே ஆய்வில் 100க்கு 18; 2023 ஆய்வில் 6 பேரில் ஒருவர். இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் இறங்கும். ஆகவே ‘வயசாச்சு, அடிக்கடி போகத்தான் செய்யும்’ என்று ஒதுக்கும் தொல்லையின் அடியில் நீரிழிவு ஒளிந்திருக்கலாம்.

இப்போது கணக்குப் புத்தகம். மில்லி லிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும். அதைக் கழிவறைக்கென்றே ஒதுக்கி, அடையாளம் போட்டு வையுங்கள். சமையலறைக்குத் திரும்பக் கூடாது. ஒரு பழைய நோட்டில் நான்கு கோடு: நேரம், குடித்தது என்ன எவ்வளவு, கழித்தது எத்தனை மில்லி, கசிவோ அவசரமோ இருந்ததா. மூன்று இரவு பகல் இப்படி எழுதினால் போதும். மூன்று நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. கடையில் இருக்கும் நாள் ஒன்று, வீட்டில் இருக்கும் நாள் ஒன்று என்று கலந்திருந்தால் நல்லது. படுக்கைக்குப் போன நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு கோடு இழுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸுப்ஹுக்கு எழுந்தவுடன் கழிப்பதும் இரவுக் கணக்கில்தான் சேரும். இரவெல்லாம் ஊறியது அதுதானே.

இந்த ஏட்டைப் படிக்கும் முறை யாதெனில், எத்தனை முறை என்பதை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு பேர் இரவில் நான்கு முறை எழுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிதான் வருகிறது. இவருடைய பை சிறுத்துவிட்டது, அல்லது எரிச்சலுற்றிருக்கிறது, அல்லது முழுவதும் காலியாகாமல் மிச்சம் தங்குகிறது. மற்றவருக்கு ஒவ்வொரு முறையும் 350 மில்லி வருகிறது. இவருடைய பையில் குற்றமில்லை. சரீரம் இரவில் அதிக நீரை உண்டாக்குகிறது. கால் வீக்கமா, சர்க்கரையா, இருதயமா, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க வியாதியா என்று தேட வேண்டும். இருவருக்கும் ஒரே மாத்திரை பொருந்தாது. 65 வயதைத் தாண்டியவருக்கு இரவுப் பங்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் டாக்டர்கள் அதைத் தனியாகவே கவனிக்கிறார்கள்.

மொத்தக் கணக்கும் முக்கியம். சாதாரணமாக ஒரு நாளைக்கு 1 முதல் 2 லிட்டர். 3 லிட்டருக்கு மேல் போனால் ஏதோ காரணம் இருக்கிறது. 400 மில்லிக்குக் கீழே குறைந்தால் அது சிறுநீரகத்தின் அபாய மணி.

மேலே சொன்ன பெரியவருக்கு இந்த ஏட்டை எழுத வைத்தவர் அவருடைய மருமகள். ‘மாமா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எழுதி மட்டும் வையுங்க’ என்று நோட்டையும் பேனாவையும் கழிவறை வாசலில் தொங்கவிட்டாராம். பெரியவர் தமக்குப் புராஸ்டேட் என்று தாமே முடிவு செய்து, பசார் மாலாமில் ஒரு புட்டி மருந்தும் வாங்கி வைத்திருந்தார். ஏடு வேறு கதை சொன்னது. ஒரு நாளைக்கு 2,700 மில்லி. அதில் பாதிக்கு மேல் இரவில். ஒவ்வொரு முறையும் 300க்குக் குறையவில்லை. டாக்டர் ஏட்டைப் பார்த்துவிட்டு முதலில் விரலைக் குத்தினார். பிறகு கணுக்காலை அமுக்கினார். சர்க்கரை ஏறியிருந்தது; விரல் பதிந்த குழியும் மறையவில்லை. புட்டி மருந்து குப்பைக்குப் போயிற்று.

இந்தப் புட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துகளின் மீது ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாத எதையும், எவ்வளவு தெரிந்தவர் கொடுத்தாலும், வாங்காதீர்கள். மூட்டு வலிக்கென்று வருடக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தை அரிக்கும். சளிக்காக வாங்கும் சில மாத்திரைகள் புராஸ்டேட் பருத்தவருக்கு நீரை ஒரேயடியாக அடைத்துவிடும். மருந்துக் கடையில் கேட்கும்போதே உபாதையைச் சொல்லிவிட வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். இளம் மஞ்சள் நல்லது. அடர் மஞ்சள் தண்ணீர் போதவில்லை என்பது. தண்ணீர் குடித்தும் கடுந்தேநீர் நிறமாகவே இருந்தால் கல்லீரலைக் கவனிக்க வேண்டும். சத்து மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சள் வரும், பயமில்லை. சிவப்பு டிராகன் பழமோ பீட்ரூட்டோ சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போகலாம். அப்படி எதுவும் சாப்பிடாமல் சிவந்தால், வலியே இல்லாவிட்டாலும், ஒரே முறை வந்து நின்றுவிட்டாலும், டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். வலியில்லாத இரத்தம்தான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகப் பெரும்பாலும் வருகிறது. அதிலும் புகை பிடிப்பவருக்கு ஆபத்து அதிகம். வலி இல்லையே என்று சும்மா இருப்பதுதான் கெடுதல்.

நுரை: வேகமாக விழுந்தால் குமிழி எழுவது இயல்பு. நாள்தோறும் நுரை தங்கி, தண்ணீர் ஊற்றிய பின்னும் கலையாமல் இருந்தால் புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மேற்கு மலேசியாவில் பெரியவர்களிடம் நடத்தி 2020ல் வெளியான ஓர் ஆய்வு, 100க்கு 15 பேருக்குச் சிறுநீரக நோய் இருப்பதாகக் கண்டது. இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது, வீங்காது. சிறுநீரில் சிறிது அல்புமின் கசிவது ஒன்றே அடையாளம். அதைக் கண்ணால் காண முடியாது. ஆகையால் நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கிளினிக்கில் சிறுநீர் அல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். டாக்டர் மறந்தாலும் நாம் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு அல்ல.

மருந்துக் கடையில் விற்கும் பத்துக் கட்டம் போட்ட ஸ்ட்ரிப் பற்றிப் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் அதன் அளவு தெரிந்து வாங்க வேண்டும். புட்டியின் மூடியை உடனே மூட வேண்டும்; ஈரமான குளியலறையில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் புட்டியில் குறித்த வினாடி உண்டு. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாமே நிறம் மாறித்தான் இருக்கும். சர்க்கரைக் கட்டம், இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 10ஐத் தாண்டிய பிறகே நிறம் மாறும்; அது மாறவில்லை என்பதால் நீரிழிவு இல்லை என்றாகாது. மறுபுறம், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதுவகை நீரிழிவு மாத்திரை சாப்பிடுவோருக்கு அந்தக் கட்டம் எப்போதும் மாறியே இருக்கும்; அது மருந்தின் வேலை. வைட்டமின் சி அதிகம் சாப்பிட்டிருந்தால் இரத்தக் கட்டமும் ஏமாற்றும்.

இதைவிட முக்கியமானது கிருமி விஷயம். வயதான பலருக்கு, விசேஷமாகப் பெண்களுக்கு, எந்த உபாதையும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். ஸ்ட்ரிப் நிறம் மாறிவிட்டதென்று மிச்சமிருந்த ஆன்டிபயோட்டிக்கை எடுத்துக் கொடுப்பது தவறு. புதிதாக எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல், திடீரென்று அதிகரித்த அவசரம், இவையே கணக்கு. சில முதியோருக்குக் காய்ச்சல் கூட வராது. நேற்று வரை தெளிவாக இருந்த உம்மா இன்று நாள் கிழமை தெரியாமல் உளறுவார், சாப்பாடு வேண்டாம் என்பார், தடுமாறி விழுவார். அதை வயதின் குழப்பம் என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். கிருமியாக இருக்கலாம், வேறு ஆபத்தாகவும் இருக்கலாம்.

மறுநாள் வரை காத்திருக்கக் கூடாதவை இவை: வயிறு முட்டி வலித்தும் ஒரு சொட்டும் வராமல் நிற்பது, குளிரும் காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்து வருவது, இரத்தம் கட்டி கட்டியாக வருவது, திடீரெனக் கால் பலமிழந்து நீரும் மலமும் அறியாமல் போவது. நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு பயிற்சி. 1948ல் அமெரிக்க டாக்டர் கெகல் எழுதி வெளியிட்டது. சிறுநீரை நடுவில் நிறுத்துவதுபோல் அடித்தசையை உள்ளே இழுத்து, ஐந்து வினாடி எண்ணி, மெல்ல விடுவது. பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். உட்கார்ந்தும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. பலருக்கு இருமல் கசிவு இதனாலேயே நன்கு குறைகிறது. ஆண்களுக்கும் பயன் உண்டு. கழுவும்போது தண்ணீரும் கையும் முன்னிருந்து பின்னாகப் போகவேண்டும்; மாற்றினால் கிருமி ஏறும்.

ஆண்களுக்கு நம் மார்க்கம் பழக்கிய ஒழுக்கமே உதவுகிறது. உட்கார்ந்து சிறுநீர் கழிப்பது நமக்குச் சிறுவயதில் மத்ரஸாவில் சொல்லிக்கொடுத்தது. நெதர்லாந்தின் லெய்டன் நகர டாக்டர்கள் 2014ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், புராஸ்டேட் உபாதை உள்ளவர் உட்கார்ந்து கழித்தால் பையில் தங்கும் மிச்சம் குறைகிறது என்று கண்டார்கள். அவசரப்படாமல் இருந்து, முடிந்தபின் சற்றுப் பொறுத்து மறுபடி முயன்றுவிட்டு எழுவது நல்லது.

தண்ணீரை நிறுத்துவது மருந்தல்ல. கெட்டியான நீர் பையை இன்னும் எரிக்கும். கல்லும் கிருமியும் சேரும். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு கட்டியிருந்தால் ஒழிய, நாளுக்கு ஆறு முதல் எட்டுக் குவளை தேவை. அதில் பெரும்பகுதியை மஃரிபுக்கு முன் குடித்துவிடலாம். இஷாவுக்குப் பின் கோப்பியும் தே தாரிக்கும் வேண்டாம். கால் வீங்குபவர் மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமீது உயர்த்திப் படுத்தால், அந்த நீர் தூங்குமுன்பே இறங்கிவிடும். நீர் இறக்கும் மாத்திரையின் நேரத்தை டாக்டரைக் கேட்டே மாற்றுங்கள். நோன்பு மாதத்தில் இஃப்தார் முதல் சஹர் வரை தண்ணீரைப் பிரித்துக் குடிக்க வேண்டும். நீரிழிவுக்காரரும் சிறுநீரக நோயாளியும் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் யோசனை கேட்க வேண்டும். இரவில் எழும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். தஹஜ்ஜுதுக்கு எழுப்பும் கடிகாரம் என்று இதைச் சிரித்துச் சொல்லும் பெரியவர்களும் உண்டு; ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அந்தச் சிரிப்பு நிற்காது.

மார்க்க விஷயத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பெரியவர்களை வீட்டில் அடைப்பது வியாதியைவிட இந்தச் சந்தேகம்தான். சிறுநீரிலிருந்து சுத்தமாக இருப்பதில் கண்டிப்பு உண்டு என்பது உண்மையே. ஆனால் தொடர்ந்து கசிபவருக்கு ஷரீஅத் சலுகையும் வைத்திருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் அவர் ஒவ்வொரு வக்துக்கும் ஓர் ஒளு செய்து, அந்த வக்து முடியும் வரை தொழலாம்; இடையில் அது கசிவதால் ஒளு முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் வக்து வந்தபின் கழுவி, துணியோ பஞ்சோ வைத்துக் கட்டி, ஒளு செய்து, தாமதிக்காமல் ஒரு பர்ளும் வேண்டிய ஸுன்னத்துகளும் தொழலாம். எவ்வளவு கசிந்தால் இந்தச் சலுகை, பேம்பர்ஸ் கட்டியவர், டியூப் போட்டவர் என்ன செய்வது என்பதை உங்கள் பள்ளி இமாமிடம் தனியே கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், இது ஃபிக்ஹு கிதாபுகளில் பாடமாகவே உள்ள விஷயம். கசிந்ததா இல்லையா என்ற வெறும் சந்தேகத்தால் ஒளு முறிவதில்லை என்பதும் அதே பாடத்தில் உள்ளதே.

எங்கே போவது? நாட்டுப் பிரஜைகளுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து தேவைப்பட்டால் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலுள்ள சிறுநீரியல், சிறுநீரகவியல் கழகத்துக்கோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரிக்கோ கடிதம் கொடுப்பார்கள். வருமானம் குறைந்த குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2019ல் தொடங்கிய ‘பெக்கா பி40’ திட்டத்தில் இரத்தமும் சிறுநீரும் இலவசமாகப் பார்க்கலாம். போகும்போது மூன்று நாள் ஏட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் ஏழு கேள்விகள் கேட்டு 35க்கு மார்க் போடுவார். 7 வரை லேசு, 20 முதல் கடுமை. மார்க் கூடுமே என்று மறைத்துச் சொல்லாதீர்கள்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிகளிலும் சூராவ்களிலும் பெரும்பாலும் குந்தி உட்காரும் கழிவறைகளே. முழங்கால் மடங்காத முதியவர் அங்கே போகமுடியாது. போகமுடியாது என்பதாலேயே பள்ளிக்கு வருவதில்லை. ஒளு செய்யுமிடத்துக்கு அருகில் ஒரு அறையிலாவது உட்காரும் பீங்கானும், சுவரில் பிடித்து எழ ஒரு கம்பியும், வழுக்காத தரையும் போடலாம். நம் பெரியவர் இப்போது இரவில் ஒருமுறை, சில நாள் இருமுறை எழுகிறார். இஷாவுக்கு வருகிறார், முதல் வரிசையில் அல்ல, கதவோரம் ஒரு நாற்காலியில்.